கட்டடம் லிஸ்டில் இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள்

நியூயார்க்கில் வீடு தேடுகிறவர்கள், முக்கியமாகக் குவீன்ஸ் பக்கம் தேடுகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். வாடகைக் கட்டுப்பாடு உள்ள கட்டடங்களின் பட்டியலை நம்பி நாங்கள் ஏமாந்தது 2022-இல்.

எல்ம்ஹர்ஸ்டில், 7-ஆம் எண் மெட்ரோ ரயிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஆறு மாடிச் செங்கல் கட்டடம். ஒரு படுக்கையறை, வாடகை 2,250 டாலர். மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் பள்ளி முடிக்கும்வரை வீடு மாறக் கூடாது என்பதால் ‘ரென்ட் ஸ்டெபிலைஸ்டு’ வீடாகப் பார்த்துத்தான் தேடினோம். அந்த வகை வீட்டில் உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. லீஸைப் புதுப்பிக்கும்போது நகர வாடகை வாரியம் ஆண்டுதோறும் சொல்கிற சதவீதம்தான் பொதுவாக உச்சம். தக்க காரணம் இல்லாமல் லீஸைப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் கிடைத்தவர்தான் அந்தப் புரோக்கர். தமிழ் பேசுகிறவர். “கவலையே படாதீங்கம்மா, கவர்மென்ட் லிஸ்ட்லயே இருக்கு” என்று போனை நீட்டினார். ஸ்டெபிலைஸ்டு வீடுகள் உள்ள கட்டடங்களின் பட்டியல், அதில் இந்த முகவரி. நானும் வீட்டுக்கு வந்து அதே பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், இருந்தது. ஓராண்டு வாடகையில் 15 சதவீதம், 4,050 டாலர், புரோக்கர் கூலியாகக் கொடுத்தோம். விண்ணப்பக் கட்டணம் என்று ஆளுக்கு 150 டாலர் தனியாக வாங்கினார். சட்டப்படி 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2019 முதலே இருக்கிறதாம், எங்களுக்கு அப்போது தெரியாது.

மறு ஆண்டு ஜூலையில் உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அக்டோபர் முதல் வாடகை 2,700. வாரியம் அந்த ஆண்டு ஓராண்டு லீஸுக்கு அனுமதித்தது 3 சதவீதம், எங்கள் கணக்கில் 67 டாலர் 50 சென்ட். இவர்கள் கேட்டது 450. உரிமையாளரின் அலுவலகத்துக்குப் போன் செய்தால், “உங்கள் வீடு ஸ்டெபிலைஸ்டு இல்லையே” என்றார்கள். புரோக்கர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

மாநில வீட்டுவசதித் துறைக்கு, டி.எச்.சி.ஆர். என்பார்கள், எழுதி எங்கள் வீட்டின் ‘ரென்ட் ஹிஸ்டரி’, அதாவது ஆண்டுவாரியாகப் பதிவான வாடகை விவரம், கேட்டேன். காசு கிடையாது, தபாலில் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எல்லாம் புரிந்தது. 2013 வரை அந்த வீடு ஸ்டெபிலைஸ்டுதான். கடைசியாகப் பதிவான வாடகை 1,450. அடுத்த ஆண்டுக்கு நேரே, வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து ‘விலக்கு’ என்று இருந்தது. அன்றைய சட்டப்படி, குடியிருந்தவர் காலி செய்து வாடகை 2,500 டாலரைத் தாண்டிவிட்டால் அந்த வீடு கட்டுப்பாட்டை விட்டே வெளியே போய்விடும். 2019 ஜூனில் இந்த வழியை அடைத்தார்கள். ஆனால் அதற்கு முன் வெளியே போன வீடுகள் போனவைதான். பட்டியலில் முகவரி இருக்கிறது என்றால் அந்தக் கட்டடத்தில் ஏதோ சில வீடுகள் ஸ்டெபிலைஸ்டு என்று மட்டும்தான் அர்த்தம். நம் கதவு எண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

1,450 எப்படி ஓராண்டில் 2,500-ஐத் தாண்டும்? அன்று புது ஆள் வந்தால் 20 சதவீதம் வரை ஏற்றலாம், 1,740 ஆகிவிடும். மிச்சம் 760 டாலரை வீட்டைப் புதுப்பித்த செலவு என்று காட்டலாம். 35 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடத்தில் செலவின் அறுபதில் ஒரு பங்கு மாத வாடகையில் ஏறும். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுக்கு 45,000 டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும். அந்த அடுக்களையில் ஒரு வருஷம் சமைத்தவள் நான். அலமாரிக் கதவுகள் மூடாது, குளியலறை ஓடுகள் என் வயதிருக்கும். இலவசச் சட்ட உதவி முகாமில் ஒரு வக்கீல் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மோசடி என்று நிரூபிக்க முடிந்தால் வழக்குப் போடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்றார். கைக்குழந்தையும் வந்துவிட்ட நேரம். எங்களால் முடியவில்லை, காலி செய்தோம். மகள் பள்ளி மாறினாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஹிஸ்டரி அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் கிடைக்கும், பார்க்க வருகிறவருக்குக் கிடைக்காது. காலி செய்கிறவரைப் பிடித்து வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உரிமையாளரிடமே கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் லீஸோடு வரும் ரைடர், அதாவது இணைப்புத் தாள். ஸ்டெபிலைஸ்டு வீடு என்றால் அதை இணைத்தே ஆக வேண்டும். முன்பு இருந்தவர் கொடுத்த வாடகை, உங்கள் வாடகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் லீஸில் ரைடரே இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியவில்லை. ரைடர் தராமல் வாயால் ‘ஸ்டெபிலைஸ்டு’ என்கிறவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் நகர உதவி எண் 311-க்குப் போன் செய்து வாடகைதாரர் உதவி எண்ணைக் கேளுங்கள். அப்புறம், 2025 ஜூன் 11 முதல் உரிமையாளர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் கூலி தர வேண்டியதில்லை. கேட்டால் தர மறுத்துவிடுங்கள்.

அந்தப் புரோக்கர் இன்னும் அதே குழுவில்தான் இருக்கிறார். போன வாரம் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு வீடு என்று போட்டிருந்தார், கூடவே அதே பட்டியலின் படம். கைக்குழந்தையோடு வந்திருப்பதாகச் சொன்ன ஒரு பெண் அதன் கீழே, “அண்ணா, இன்னும் இருக்கா?” என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியாக எழுதிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.