‘நேற்று என்ன சாப்பிட்டீங்க?’ ‘வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?’: எந்தக் கேள்வி தேவலை?

உணவுக் கணக்கெடுப்பில் அதிகம் புழங்குபவை இரண்டு முறைகள். நேற்று முழுவதும் வாயில் போட்டதையெல்லாம் கேட்டு எழுதுவது 24 மணி நேர நினைவுக் கணக்கு. பெரிய உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘இது வாரத்துக்கு எத்தனை தடவை, அது மாசத்துக்கு எத்தனை தடவை’ என்று கேட்பது எஃப்.எஃப்.க்யூ. (ஃபுட் ஃப்ரீக்வென்சி க்வெஸ்ச்சனர்). எடை போட்டு எழுதும் மூன்றாவது முறையும் உண்டு. ஆனால் பக்கத்தில் தராசை வைத்தால் யாரும் வழக்கம்போல் சாப்பிடுவதில்லை; அதை விட்டுவிடலாம்.

எஃப்.எஃப்.க்யூ.வின் பலம் ஆள் எண்ணிக்கை. அமெரிக்காவில் 1976இல் 1,21,700 செவிலியரோடு தொடங்கிய ஆய்வில், 1980இல் 61 உணவுகள் கொண்ட வினாத்தாளைத் தபாலில் அனுப்பியே உணவு விவரம் வாங்கினார்கள். அவ்வளவு பேரையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பிற்பாடு யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பார்க்கிறவர்களுக்கு, அதிகம் சாப்பிடுகிறவர் யார், குறைவாகச் சாப்பிடுகிறவர் யார் என்ற வரிசை கிடைத்தால் போதும்.

ஆனால் பட்டியலில் இல்லாதது கணக்கிலும் இல்லை. வத்தக்குழம்பும் இடியாப்பமும் அமெரிக்கப் பட்டியலில் எங்கே இருக்கும்? அதனால்தான் சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நம் சாப்பாட்டுக்கென்றே 222 உணவுகளோடு தனிப் பட்டியல் தயாரித்தது. அதன் பிறகும் மாம்பழம் இடிக்கும். சீசனில் தினமும், மற்ற மாதங்களில் கண்ணிலேயே படாது. வருஷ சராசரி போடும் வேலை பதில் சொல்கிறவர் தலையில் விழுகிறது. அவர் ‘எப்பவாவது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

நினைவுக் கணக்கில் வாய் திறக்க வைப்பதுதான் வேலை.

“மத்தியானம் என்னக்கா சாப்பிட்டீங்க?”

“சோறு, சாம்பார், கத்திரிக்காப் பொரியல். அவ்ளோதான்.”

“அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே இல்லையா? டீ?”

“டீ குடிச்சேன். ரெண்டு பிஸ்கட்டு. பையன் வச்ச மிச்சச் சோறும் நான்தான் சாப்பிட்டேன், அதையெல்லாமா எழுதுவீங்க?”

அதையும்தான் எழுத வேண்டும். அமெரிக்க வேளாண் துறை இதற்காகவே ஐந்து சுற்றாகக் கேட்கும் முறை வைத்திருக்கிறது. அதில் ஒரு சுற்று முழுக்க மறந்துபோனவற்றுக்கு.

அளவு இன்னொரு தலைவலி. நம் ஊரில் யாரும் பருப்பைத் தனியாகச் சாப்பிடுவதில்லை, சாம்பாராகச் சாப்பிடுகிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து 1972இல் தொடங்கி நடந்த கணக்கெடுப்புகளில், வீட்டில் போட்ட பச்சைப் பொருளின் எடையையும் வெந்தபின் மொத்த அளவையும் கேட்பார்கள். அவரவர் சாப்பிட்டதை அளவுக் கிண்ணங்களைக் காட்டிக் கேட்பார்கள். 200 கிராம் துவரம்பருப்பு போட்டு 2 லிட்டர் சாம்பார், அதில் அக்காவின் பங்கு 300 மில்லி என்றால், அவர் சாப்பிட்ட பருப்பு 30 கிராம். இந்த நுணுக்கம் ‘வாரத்துக்கு எத்தனை தடவை சாம்பார்?’ என்ற கேள்விக்கு வராது.

எது உண்மைக்குப் பக்கம்? அமெரிக்காவின் மேரிலாந்தில் 1999-2000இல் 484 பேரை வைத்து நடந்த ‘ஓபன்’ (OPEN) என்ற ஆய்வு, ஐசோடோப்பு (தடம் பார்க்க உதவும் அணு வகை) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து உடல் செலவழித்த கலோரியை அளந்து, அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்ன கலோரியோடு ஒப்பிட்டது. நினைவுக் கணக்கில் ஆண்கள் 12-14%, பெண்கள் 16-20% குறைத்துச் சொல்லியிருந்தார்கள். எஃப்.எஃப்.க்யூ.வில் ஆண்கள் 31-36%, பெண்கள் 34-38%. இரண்டுமே குறைவுதான், ஆனால் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு மோசம்.

அதனால் ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு என் ஓட்டு நினைவுக் கணக்குக்கே. ஒரு நாளோடு நிறுத்தக் கூடாது. திங்கள்கிழமை போய்க் கேட்டால் தெருவே கறி சாப்பிட்டதாக வரும். சனிக்கிழமை கேட்டால் வெள்ளிக்கிழமை விரதம். புரட்டாசியில் கேட்டால் கேட்கவே வேண்டாம். வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று குறைந்தது இரண்டு நாளாவது பிடிக்க வேண்டும். எப்போதாவது மட்டும் சாப்பிடும் கருவாடு, ஈரல், கீரை வகைகளுக்கு அதோடு ஒரு சின்னப் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் இரண்டுமே தோற்கும். தாளிக்க எத்தனை கரண்டி என்று யாருக்கும் நினைவிருக்காது. மாசம் எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு வகுத்துக்கொள்வதே மேல். உப்புக்கு அதுவும் உதவாது. அப்பளம், ஊறுகாய், ஓட்டல் சாப்பாடு என்று உப்பு பல வழியில் வருகிறது. உள்ளே போன சோடியத்தில் ஏறக்குறைய 90% சிறுநீரில் வெளியேறிவிடுவதால், கையில் கேனைக் கொடுத்து 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துத்தான் அளக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களிடம் அதற்குச் சம்மதம் வாங்குவது தனிப் போராட்டம்.