ஹன்சாட்டில் மலையகத்தைத் தேடுவது: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் மலையகத் தோட்ட மக்களின் வரலாற்றை ஹன்சாட்டிலிருந்து, அதாவது பாராளுமன்ற விவாதங்களின் அச்சுப் பதிவிலிருந்து, எழுத விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஹற்றனிலும் பண்டாரவளையிலும் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிகணினியில் மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில் எங்கள் முடிவு இது: எழுத்துணரிக்கு (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்குவதற்கு) டெசராக்ட், சொல்லடைவுக்கு (ஒரு சொல் வரும் இடங்களைச் சூழலோடு பட்டியலிட) அன்ட்கொங்க், மொழி தாண்டித் தேட லாப்சே என்ற மொழி மாதிரி. மூன்றும் இலவசம். ஏஐ உரையாடிகளை நான்காம் இடத்தில்தான் வைப்போம். காரணம் பின்னால் வருகிறது.

பிடிஎஃப் கோப்பை இறக்கி, எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டினாலே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பழைய எழுத்துரு பதிந்த கோப்பில் "தோட்டம்" என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். பாமினி போன்ற எழுத்துருவில் புள்ளியே அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. எழுத்துரு எதுவென்று தெரிந்தால் மாற்றியால் யுனிகோடாக்கலாம். ஒரே பக்கத்தில் சிங்கள எழுத்துருவும் கலந்திருந்தால் அதற்கு மினக்கெடாமல் பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரிக்குக் கொடுப்பதே விரைவு.

படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். ஹன்சாட் பக்கம் இரண்டு பத்திகளாக அச்சாவதால் நடுவில் வெட்டி, இடது வலது என்று இரு படங்களாகக் கொடுங்கள். வெட்டாமல் விட்டால் சில பக்கங்களில் இடப்பத்தியின் வரியோடு வலப்பத்தியின் வரி ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பேச்சு இன்னொருவர் வாய்க்குள் போய்விடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்து இயக்கினால் நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிடுவது நல்லது, ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போகாத இரவு நமக்கு எங்கே கிடைக்கிறது?

நூலகத்தில் கட்டிய தொகுதிகளைப் படம் எடுப்பதானால் ஃபிளாஷ் போடாதீர்கள். ஈரத்தில் நெளிந்த தாளில் மறுபக்க மை தெரியும். பக்கவாட்டு வெளிச்சமும் மேலே ஒரு கண்ணாடித் தகடும் போதும்.

எழுத்துணரியின் பிழைகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலாவது, துணைக்காலை "ர" என்று வாசிப்பது. "தோட்ட" என்பது "தேரட்ட" ஆகும், "தொழிலாளர்" "தெரழிலாளர்" ஆகும். நமக்கு மிகவும் வேண்டிய இரண்டு சொற்களே இப்படிக் காணாமல் போகின்றன. இரண்டாவது, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து. பழைய அச்சில் "லை" என்பது ல மேல் கொம்பு வளைந்த வடிவம். இன்றைய எழுத்தில் பழக்கிய எழுத்துணரிக்கு அது பிடிபடாது. மலை, தேயிலை, வேலை, தலைவர் என்று எத்தனை சொல்லில் அந்த "லை" இருக்கிறது பாருங்கள். மூன்றாவது, "கௌரவ" என்பது "கெளரவ" என்று கொம்பும் ளகரமுமாக வருவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. உறுப்பினர்கள் விளிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்தச் சொல் வருவதால், இதைச் சீராக்காமல் எந்த எண்ணிக்கையும் எடுக்கக் கூடாது.

சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியைத் தமிழ் வரிகளில் நீக்கலாம். சிங்கள வரிகளில் நீக்கினால் "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்துகள் உடைந்துவிடும்.

அடுத்த குழியில் பட்டதாரிகளும் விழுகிறார்கள். பைதன் நிரல்மொழியின் வழக்கமான சொல் பிரிப்பு தமிழின் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. "தொழிலாளர்" என்பது த, ழ, ல, ளர என்று நான்கு துண்டாகும். சைகிட்-லேர்ன் என்ற பைதன் தொகுதியின் இயல்பு அமைப்பு ஒற்றை எழுத்துத் துண்டுகளையும் எறிந்துவிடுவதால் கடைசியில் மிஞ்சுவது "ளர" மட்டும். பிறகு தலைப்பு மாதிரி (சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு பேசுபொருளைப் பிரிக்கும் முறை) ஓட்டி, வந்த பட்டியலுக்கு விளக்கம் எழுதி என்ன பயன்? பைதனில் ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியைப் பயன்படுத்துங்கள், அல்லது வெற்றிடத்தில் பிரித்து நிறுத்தக்குறியைக் களையுங்கள். அன்ட்கொங்கில் சொல் வரையறை அமைப்புக்குள் போய்க் குறிகள் வகையையும் சேர்க்க வேண்டும்.

பேசுபவரைப் பிரிப்பது மட்டும் நினைத்ததைவிட எளிது. ஹன்சாட்டில் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரியாக வரும். "மாண்புமிகு" என்று தொடங்கும் வரியை வெட்டுமிடமாக வைத்தால் பெரும்பாலும் சரியாகவே பிரியும்.

இனி தேடல். யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில்தான் பேச்சு அச்சாகிறது. மலையக உறுப்பினர் ஒருவர் தமிழில் தொடங்கி, அமைச்சருக்கு உறைக்க வேண்டிய இடத்தில் சிங்களத்துக்கு மாறினால், தமிழ்ச் சொல் தேடலுக்கு அந்த இடம் அகப்படாது. மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பற்றிய விவாதத்தை வாசிக்க ஆங்கிலம் வேண்டும். இலங்கை இந்திய காங்கிரஸின் 7 பேர் 1947 தேர்தலில் வென்று அந்தச் சபையில் இருந்தார்கள். ஆனால் அங்கே "மலையகம்" என்று தேடி ஒன்றும் கிடைக்காது. "இந்தியன் லேபர்", "எஸ்டேட் பொப்யுலேஷன்" என்றுதான் நம் ஆட்களைக் குறித்தார்கள். சிங்களத்தில் "வத்து கம்கரு". ஆகவே காலத்துக்கும் மொழிக்கும் ஏற்ற சொற்பட்டியலை முதலில் கையால் எழுதுங்கள். அதற்குப் பிறகு லாப்சேயிடம் ஒரு தமிழ்ப் பந்தியைக் கொடுத்தால், பொருளால் நெருங்கிய சிங்கள, ஆங்கிலப் பந்திகளை எடுத்துத் தரும். முதல் இருபதில் பாதி பொருந்தினாலே அது நல்ல அறுவடை.

எண்களையும் இப்படித்தான் தேட வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா தன் பிரஜைகளாக ஏற்ற 525,000 பேர், "ஐந்தே கால் இலட்சம்" என்றும் பேச்சில் வருவார்கள். 2021 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவும் சேர்ந்தது. 1,000 என்று மட்டும் தேடினால் அடிப்படைச் சம்பளம் பற்றிய வாதமே தவறிப்போகும்.

உரையாடிகளைப் பற்றி. சிங்களப் பந்தியின் சாரத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் குறுக்கீட்டைப் பேசுபவரின் கருத்தாகச் சேர்த்துவிடும், "லயன்" என்ற தோட்ட வீட்டு வரிசையைச் சிங்கமாக்கும், "தோட்டம்" பூந்தோட்டமாகிவிடும், 7 பேர்ச்சஸ் காணி என்றால் தடுமாறும். பிரஜாவுரிமை பறிபோன மக்களின் பேச்சில் ஒரு "இல்லை" விடுபட்டாலும் அது சிறிய பிழை ஆகாது. பந்தியை ஒட்டாமல் கேள்வி மட்டும் கேட்டால், நடக்காத பேச்சுக்கும் திகதி தரும்.

கண்டுபிடித்த ஒவ்வொரு மேற்கோளுக்கும் திகதி, பத்தி எண், பேசியவர், மொழி, படக் கோப்பின் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் பதிந்து, படத்தை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். முன் அட்டையில் "பிழை திருத்தப்படாதது" என்று இருந்தால் அதையும் குறித்துவைத்து, திருத்திய பிரதி வெளிவந்ததும் மேற்கோளையும் பத்தி எண்ணையும் மறுபடி ஒப்பிடுங்கள்.