ஆன்லைன் பிரபந்த சந்தை கிளாஸ்: எட்டு மாசம் போனதுக்கு அப்புறம் எழுதுறேன்

தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் "அந்த பிரபந்தம் கிளாஸ் எப்படி இருக்கு, நாங்களும் சேரலாமா"ன்னு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடுறதுக்கு பதிலா இங்கயே விவரமா எழுதிடுறேன். பிரபந்தம்னா ஆழ்வார்கள் பெருமாள் மேல பாடின நாலாயிர திவ்யப் பிரபந்தம். சொல்லிக்குடுக்குற சுவாமி தன் பேர போட வேணாம்னுட்டாரு, அதனால பேர் இல்லாம எழுதுறேன், லிங்க் வேணும்னா தனியா கேளுங்க.

முதல்ல சந்தைன்னா என்னன்னு சொல்லிடுறேன், எனக்கே சேர்ற வரைக்கும் தெரியாது. வேதம் சொல்லிக்குடுக்குற அதே முறை தான். அவர் ஒரு அடி சொல்லுவாரு, நாம அத ரெண்டு தடவை திருப்பிச் சொல்லணும், அப்புறம் அடுத்த அடி, இப்படியே பாசுரம் முடியுற வரைக்கும். திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும் காலைல 5:45 ல இருந்து 6:30. சனிக்கிழமை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு அந்த வாரம் சொன்னத புக்கு பாக்காம சொல்லச் சொல்லுவாரு. ஃபீஸ் கிடையாது, தட்சணையும் வாங்க மாட்டாரு, ரொம்ப வற்புறுத்தினா பக்கத்துல இருக்கற பெருமாள் கோயில்ல விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் குடுங்கன்னு சொல்லிடுவாரு.

எங்க வீட்ல யாருக்கும் பிரபந்தம் தெரியாது. மார்கழில ரேடியோல திருப்பாவை கேப்போம், அவ்வளவு தான். அதனால சேரும்போது ஒரு தயக்கம் இருந்துச்சு, நாம என்ன குலம் என்ன ஊருன்னு கேப்பாங்களோன்னு. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "காலைல எழுந்துக்க முடியுமாம்மா?" அவ்வளவு தான். அந்தக் காலத்துல தாழ்வா நெனச்ச பாணர் குலத்துல வந்த திருப்பாணாழ்வாரோட பத்து பாட்டு இதே நாலாயிரத்துக்குள்ள தானே இருக்குன்னு பின்னாடி ஒரு நாள் அவரே சொன்னாரு.

ஆரம்பமே கண்ணிநுண் சிறுத்தாம்பு. மதுரகவியாழ்வார் பாடினது, 11 பாட்டு தான், ஆனா அதுல அவர் தெய்வம்னு பாடுறது பெருமாள இல்ல, தன் குருவான நம்மாழ்வார. நான் இவ்வளவு நாளா அந்த முதல் வார்த்தைய கேட்டா கண்ணுன்னு தான் நெனச்சுட்டு இருந்தேன். கண்ணின்னா முடிச்சு, நுண்ணுன்னா மெல்லிசு, தாம்புன்னா கயிறு. யசோதை கண்ணன உரலோட கட்டிப் போட்டாளே அந்தக் கயிறு. எங்க ஆத்தா வீட்ல மாட்ட கட்டுறதுக்கு தாம்புக்கயிறுன்னு தான் சொல்லுவாங்க, கைய அறுக்கும், சாணி வாசனை அடிக்கும், அங்கங்க முடிச்சு போட்டு ஒட்டவச்சிருப்பாங்க. அந்தக் கயிறு ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான பாட்டோட முதல் வரில கெடக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு அன்னிக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல.

ஏன் இதுலேந்து ஆரம்பிக்குறாருன்னா அதுக்கு வைணவ ஆசார்யர் நாதமுனிகளோட கதை தான் காரணம். ஆசார்யர்கள் வரலாறு சொல்ற குருபரம்பரைல வர்ற கதை இது. நாலாயிரமும் வழக்கொழிஞ்சு போயிருந்த காலம். காட்டுமன்னார்கோயில்ல பெருமாள் முன்னாடி யாத்திரை வந்த சிலர் கும்பகோணம் பெருமாள் ஆராவமுதன் மேல இருக்கற பதிகத்த சேவிக்குறாங்க, அதாவது பாடுறாங்க, கடைசி பாட்டுல "ஆயிரத்துள் இப்பத்தும்"னு வருது. நாதமுனிகள் மீதி எங்கன்னு கேக்குறாரு, எங்களுக்கு இவ்வளவு தான் தெரியும்னுட்டாங்க. அங்கேந்து கெளம்பி தாமிரபரணிக் கரை ஆழ்வார்திருநகரி வரைக்கும் போறாரு, அங்கயும் யாருக்கும் தெரியல, மதுரகவி வழில வந்த பராங்குச தாசர் மட்டும் கண்ணிநுண் சிறுத்தாம்பு ஒண்ண குடுத்து இத நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடில 12,000 தடவை சொல்லுங்கோன்னு சொல்றாரு. சொல்லி முடிச்சப்ப நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் குடுத்தாருன்னு முடியும்.

நான் ஒரு நாள் பஸ்ல உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். 11 பாட்டையும் ஒரு தடவை சொல்ல எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது. 12,000 தடவைன்னா 60,000 நிமிஷம், அதாவது 1000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம் எந்திரிக்காம சொன்னாலும் 125 நாள். கதைன்னு கேக்கும்போது ஒரு வரில போயிடுது, அந்த 125 நாளும் ஒருத்தர் ஒரு மரத்தடில அதே 11 பாட்ட சொல்லிட்டு இருந்தாருன்னு நெனச்சா தான் அவர ஏன் முதல் ஆசார்யன்னு சொல்றாங்கன்னு எனக்கு உள்ள எறங்குச்சு. அவர் ஊருக்குத் திரும்பி வந்து செஞ்சதும் பாருங்க, தன் மருமகன்கள், அதாவது சகோதரி பிள்ளைங்க ரெண்டு பேர், கீழையகத்தாழ்வான் மேலையகத்தாழ்வான், அவங்களுக்கு இசையோட சொல்லிக்குடுத்தாரு, நாலாயிரமா வகுத்தாரு. ஸ்ரீரங்கத்துல இன்னிக்கும் பெருமாள் முன்னாடி பிரபந்தம் பாடுற அரையர்கள் தாளத்தோட சேவிக்குறாங்களே, அந்த மரபு அவர்கிட்டேந்து வந்ததுன்னு தான் சொல்லுவாங்க.

எங்க சுவாமியும் அதே மாதிரி தான், பிரசங்கம் கிடையாது, அரசியல் கிடையாது, மத்த மதத்த பத்தி ஒரு வார்த்தை கிடையாது. சொல்லுவாரு, திருப்பிச் சொல்லச் சொல்லுவாரு. திருப்பள்ளியெழுச்சில "எழுச்சி"ங்கறத நான் "எளுச்சி"ன்னு சொல்லி சொல்லி, ஒரு சனிக்கிழமை ஏழு தடவை சொல்ல வச்சாரு, கோவமே இல்லாம, ஏழாவது தடவை சரியா வந்ததும் "ம், அடுத்தது"ன்னாரு. யூடியூப்ல ஆயிரம் பேர் அர்த்தம் சொல்றாங்க, எனக்கு தப்பு சொல்லி திருத்தினவர் இவர் ஒருத்தர் தான்.

குறைன்னு சொல்லணும்னா இருக்கு. 40 பேர் ஒரே நேரத்துல மைக்க ஆன் பண்ணி சொன்னா ஒண்ணும் புரியாது, ஒருத்தர் குரல் முன்ன போகும் ஒருத்தர் குரல் பின்ன வரும், அதனால எல்லாரும் மியூட் தான். கோயில்ல கோஷ்டியா சேவிக்கும்போது பக்கத்து ஆள் குரல்ல நம்ம குரல் கலக்குமே, அது இதுல கெடைக்காது. ரெக்கார்டிங்கும் குடுக்க மாட்டாரு, ஒரு நாள் விட்டா விட்டது தான், இதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஷிப்ட் வேலை பாக்குறவங்க ரொம்ப கஷ்டப்படுறாங்க, ரெண்டு பேர் நின்னே போயிட்டாங்க. சனிக்கிழமை மட்டுமாவது ரெக்கார்டிங் போடலாம்னு நான் சொல்லிப் பாத்தேன், இன்னும் ஒத்துக்கல.

வேகமும் கம்மி. கண்ணிநுண் சிறுத்தாம்பு, திருப்பல்லாண்டு, திருப்பாவை, அமலனாதிபிரான், திருப்பள்ளியெழுச்சி, இவ்வளவு நாள்ல மொத்தம் 73 பாட்டு தான் ஆச்சு. சீக்கிரம் முடிக்கணும்னு வர்றவங்களுக்கு இது சரிப்படாது. ஆனா அந்த 73ம் எனக்கு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.

திருக்கார்த்திகை தாண்டினதும் அனத்யயன காலம், அதாவது பிரபந்தம் சொல்லக்கூடாத காலம்னு பிரபந்த சந்தைய நிறுத்திட்டாரு. இப்ப பின்னாடி வந்த ஆசார்யர் மணவாள மாமுனிகளோட உபதேச ரத்தினமாலை போகுது, ஆழ்வார்கள் அவதரிச்ச நட்சத்திரம், நம்மாழ்வாரோட திருவாய்மொழிக்கு யார் யார் வியாக்யானம் (உரை) எழுதினாங்கன்னு வரிசையா வரும். இதுல தான் நம்பிள்ளை கதைய சொன்னாரு. தன் குரு நஞ்சீயர் எழுதின வியாக்யானத்த படியெடுக்கறதுக்காக ஓலைய தலைல கட்டிக்கிட்டு காவிரிய நீந்தும்போது வெள்ளத்துல ஓலை போயிடுது, கேட்டதெல்லாம் மனசுல இருந்ததால மறுபடி முழுசா எழுதிட்டாராம், அதுவும் சில எடத்துல இன்னும் நல்ல அர்த்தத்தோட. நஞ்சீயர் அதப் பாத்து கோவிச்சுக்கல, கொண்டாடினாரு. இந்தக் கதைக்கு அப்புறம் ரெக்கார்டிங் விஷயத்துல எங்க சுவாமி ஏன் பிடிவாதமா இருக்காருன்னு புரியுது, ஆனாலும் என் கருத்த மாத்திக்கல.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எங்கம்மாவுக்கு 68 வயசு, மூணாவது வரைக்கும் தான் படிப்பு, பெரிய எழுத்து புக்கு வாங்கிக் குடுத்தாலும் எழுத்துக் கூட்டித் தான் படிப்பாங்க. நான் ஃபோன சமையக்கட்டுல அரிசி டப்பா மேல வச்சுட்டு கேட்டுட்டே காபி போடுவேன், அம்மா காய் நறுக்கிட்டு இருப்பாங்க. ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை திருப்பல்லாண்டு சொல்லும்போது எனக்கு எட்டாவது பாட்டு மறந்து நின்னுட்டேன், அம்மா பின்னாடியிருந்து கத்திரிக்காய கைல வச்சுக்கிட்டே அத முழுசா சொல்லிட்டாங்க. மைக் ஆன்ல இருந்துச்சு. சுவாமி ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் "அது யாரும்மா, அவா பேர ஏன் குடுக்கல?"ன்னு கேட்டாரு. இப்ப சனிக்கிழமைல முதல்ல கூப்பிடுறது எங்கம்மாவ தான். திருவாய்மொழி தை மாசத்துக்கு அப்புறம் ஆரம்பிக்குறாராம், புதுசா சேர்றவங்க அப்ப சேரலாம்.