பழைய பெட்ரோல் பம்புக்குக் குறைந்த செலவில் பழமைப் பூச்சு: சில கோடைகளுக்குப் பிறகு எது நின்றது, எது உரிந்தது

1940, 50களின் அமெரிக்க பெட்ரோல் பம்ப் ஒன்றைப் புதிதுபோல மினுக்க ஆகும் செலவில் பெயின்ட்டின் பங்கு கொஞ்சம்தான். பணத்தைத் தின்பது அதற்கு முந்தைய தகடு வேலை. ஒவ்வொரு நெளிவையும் தட்டி நிமிர்த்தி, ஒவ்வொரு துருக்குழியிலும் பட்டி போட்டுத் தேய்க்காவிட்டால் பளபளக்கும் எனாமல் அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிடும். மங்கித் தேய்ந்த தோற்றத்தில் பூசினால் அந்தக் குழிகளும் நெளிவுகளும் அழகாகவே சேர்ந்துவிடும். மலிவுக்குக் காரணம் இதுதான். மட்டமான பெயின்ட் வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை. கையால் செய்தால் பிரைமர், எனாமல், உப்புத்தாள், மினரல் ஸ்பிரிட் (பெயின்ட்டை இளக்கும் தின்னர்), ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலர் ஒரு டியூப் எல்லாம் சேர்த்துச் சுமார் 150 டாலருக்குள் முடியும்.

எந்தப் பம்பில் இதைச் செய்யலாம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ட்டும் பழைய எழுத்துகளும் ஓரளவு மிஞ்சியிருந்தால் கைவைக்கவே கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு போட்டால் போதும். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அதிக விலை தருவார்கள். மேலே 10 கேலன் கண்ணாடி உருளை வைத்த 1920களின் பம்புகளும் அப்படியே, பழமைப் பூச்சுக்கு உகந்தவை அல்ல. யாரோ ஸ்பிரே அடித்துக் கெடுத்து, உள்ளிருந்த, அளவையும் விலையையும் காட்டும் கணக்குப்பொறியையும் கழற்றி விற்றுவிட்ட டோக்கைம், வெயின், பென்னெட் கம்பெனிப் பம்புகளின் உடல்கள்தான் இந்த வேலைக்குச் சரி. டோக்கைமும் வெயினும் இந்தியானாவின் ஃபோர்ட் வெயினில் உருவான பம்புகள். இத்தகைய பம்புகளுக்கு முன்னோடியான சில்வேனஸ் பவுசர் 1885இல் தன் மண்ணெண்ணெய்ப் பம்பை விற்றதும் அதே ஊரில்தான். அந்தப் பக்கத்துப் பழைய சாமான் சந்தைகளில் வெற்று உடல்கள் இன்றும் கண்ணில் படும்.

பிரிக்கும்போது இரண்டு ஆபத்துகள். முதலாவது உள்ளே தங்கிய பெட்ரோல். மீட்டர் அறையிலும், பெட்ரோலில் கலந்த காற்றைப் பிரிக்கும் காற்றுப் பிரிப்பானிலும் பல பத்தாண்டுக்குப் பிறகும் கொஞ்சம் நிற்கும். அவற்றைக் கழற்றி வெளியே எடுத்து, வடித்து, காற்றாட விடாமல் கிரைண்டரோ வெல்டிங்கோ பக்கத்தில் வரக்கூடாது. இரண்டாவது ஈயம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978இல். அதற்கு முந்தைய பம்பின் எந்த அடுக்கிலும் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு, நுண்தூசியைத் தடுக்கும் பி100 மாஸ்க் போட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்துத் தேய்க்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்ட வேண்டிய அவசியமில்லை. ஓரங்களைச் சரித்துவிட்டு அதன்மேலேயே பிரைமர் போடலாம்.

துருவைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: துருவின் நிறம் வேண்டும், துரு வேண்டாம். செதிலாக எழும்பியதைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். கதவு, மூடி போன்ற கழற்றக்கூடிய இரும்புத் துண்டுகளைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில், ஒரு கேலனுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில், பேட்டரி சார்ஜர் வைத்து மின்பகுப்பு செய்து, அதாவது மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கலாம். எதிர்முனை பம்பின் துண்டுக்கு, நேர்முனை வேண்டாத இரும்புக்கு. நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். துத்தநாக வார்ப்புகளையும் அலுமினியத்தையும் இந்தத் தொட்டியில் போட்டால் அரித்துத் தின்றுவிடும். டயல் சட்டங்களும் சில கைப்பிடிகளும் துத்தநாகமாகவே இருக்கும் என்பதால் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குழிகளுக்குள் மிஞ்சும் துருவுக்கு டானிக் அமிலம் உள்ள துருமாற்றி. துருவோடு சேர்ந்து அது நீலக்கருப்பாக மாறி இறுகும். சுத்தமான இரும்பில் தடவினால் மாற்றுவதற்கு அங்கே துரு இல்லை. பிசுபிசுப்பான ஒரு படலமாக நின்று, ஓராண்டு கழித்து பிரைமரோடு சேர்ந்து உரியும். வெளியில் நிற்கும் பம்புகளில் நாணய அளவுக்கு வட்டவட்டமாகப் பெயின்ட் கழல்வதற்கு இது பெரிய காரணம். சிறிய பிரஷ்ஷால் குழியில் மட்டும் தொட்டுவையுங்கள்.

இனி அடுக்குகள். உடலின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர், எனவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) தாராளம். முதல் பிரைமர் சாம்பல் நிறம், இரண்டாவது செம்பழுப்பு நிற ரெட் ஆக்சைடு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பின்னால் தேய்க்கும்போது செம்பழுப்பு தெரிந்தால் அதுவே துருவின் தோற்றம். சாம்பல் எட்டிப்பார்த்தால் கையை நிறுத்த வேண்டும், இரும்பு பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கோட் வெள்ளை அல்லது கிரீம் நிற அல்கிட் (எண்ணெய்வகை) எனாமல், அதன்மேல் இரண்டு மெல்லிய கோட் சிவப்பு. பங்க் வேறு கம்பெனிக்குக் கைமாறும்போது பம்பின் மேலேயே புது நிறம் அடிப்பது வழக்கமாக இருந்தது, ஆகவே அடியில் இன்னொரு நிறம் தெரிவது பொய்த்தோற்றம் ஆகாது.

பிரஷ்ஷால் அடிக்கும் எனாமலுக்குக் கோட்டுக்குக் கோட் 24 மணி நேரம். ஸ்பிரே டப்பா என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், தவறினால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் பாதி இறுகிய படலத்தில் கரைப்பான் ஊறி, மேற்பரப்பு சுருங்கிப் புழுப்புழுவாக எழும்பும்.

சிவப்பில் ஒரு சூட்சுமம். மலிவான பளிச் சிவப்பின் கரிம நிறமிகள் வெயிலில் வெளுத்து ரோஸ் ஆகிவிடும். இரும்பு ஆக்சைடு சிவப்பு வெளுக்காது. ஒரு குவார்ட் சிவப்பு எனாமலில் அதே வகை அல்கிட் ரெட் ஆக்சைடு பிரைமர் 100 மில்லி கலந்தால் நிறம் சற்று ஆழமாகும், பளபளப்பு குறையும், அரிசோனா போன்ற வெயிலிலும் அடி நிறம் தங்கும். இந்த முறைக்குள் என்னை மிகவும் திருப்திப்படுத்தும் செலவில்லாத வேலை இதுதான்.

பெயின்ட்டைத் தேய்ந்ததுபோலக் காட்டச் சொல்லப்படும் குறுக்குவழிகளில் பாதி வெளியில் தாங்காது. கல் உப்பைத் தூவி அதன்மேல் பெயின்ட் அடித்துத் தட்டிவிடும் முறை படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் படலத்துக்கடியில் தங்கிய உப்பு ஈரத்தை இழுக்கும். முதல் மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பும். பெயின்ட்டுக்கு அடியில் வாசலின் தடவும் முறையில் எண்ணெய்ப்பசை விளிம்பில் கசிந்து நிற்பதால், வேண்டிய அளவைத் தாண்டி உரிந்துகொண்டே போகும். அடியில் ஹேர்ஸ்பிரே அடித்து, மேலுள்ள பெயின்ட்டைத் தண்ணீரால் நனைத்து உரிக்கும் முறை தண்ணீர்வகை அக்ரிலிக்குக்கு மட்டும் சரி, அல்கிட்டை ஊடுருவித் தண்ணீர் போகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், உப்பு கலந்து நிஜத் துருவே வரவழைப்பது இருப்பதில் மோசம். குழிகளில் தங்கிய குளோரைடு உள்ளே வேலையைத் தொடர, மேலே பூசிய கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) செதிலாக எழும்பும், வழிந்த தண்ணீர் கான்கிரீட்டிலும் கறை வைக்கும். வீட்டுக்குள் நிற்கும் பம்பில் இவை எல்லாமே பல ஆண்டு நன்றாகத்தான் இருக்கின்றன.

வெளியில் நின்று காட்டியது வெறும் தேய்ப்பு. கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரமாவது விடுங்கள். நகத்தால் அழுத்தித் தடம் விழாவிட்டால் இறுகிவிட்டது. பிறகு 220 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு துளி சோப்பு விட்டு, விளிம்புகளில் ஆரம்பித்து, 320இல் முடிக்க வேண்டும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் வேலையின் தரம் தெரியும். நாசில் தொங்கும் பக்கத்தில் அதன் இரும்பு மூக்கு இடிக்கும் உயரம், ஹோஸ் உரசும் மூலை, எண்களைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பும் ரீசெட் கைப்பிடி சுற்றும் வளைவு, கதவுச் சாவித்துளையைச் சுற்றி விரல்கள் பட்ட இடம், தரையிலிருந்து ஒரு சாண். பள்ளமான தகட்டுப் பரப்புகளிலும், அலங்காரப் பட்டைகளின் அடியிலும் பெயின்ட் முழுசாக இருக்க வேண்டும். எல்லா விளிம்பையும் ஒரே சீராகத் தேய்த்த பம்பைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

எங்காவது இரும்பு தெரிந்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் மெல்லிய துரு படரும். ஸ்பாஞ்சுத் துணுக்கால் ரெட் ஆக்சைடு பிரைமரை ஒற்றி மூடுங்கள். பளபளப்பைக் குறைக்க ஸ்டீல் வூல் வேண்டாம். அதன் துகள் பெயின்ட்டில் சிக்கி, முதல் பனியில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பூக்கும். சாம்பல் நிற நைலான் தேய்ப்பான் அதே வேலையைச் செய்யும்.

அழுக்குக்கு ஆயில் கலர்: பட்டாணி அளவு பர்ன்ட் அம்பர், இரண்டு மேசைக்கரண்டி மினரல் ஸ்பிரிட். அம்பர் நிறமியில் மாங்கனீசு இருப்பதால் மற்ற ஆயில் நிறங்களைவிடச் சீக்கிரம் காயும். போல்ட் தலை, கீல், நாசில் கொக்கியின் கீழ்ப்பகுதியில் மட்டும் தொட்டு, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த தட்டை பிரஷ்ஷால் நேர் கீழாக ஒரே இழுப்பு. துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு; வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

கம்பெனி முத்திரைக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால், அழுக்கு அதன் விளிம்பில் தேங்கி ஓராண்டில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஸ்டென்சில் வைத்து வரைந்து, அதையும் சேர்த்துத் தேய்ப்பதே நல்லது.

மேலே கிளியர் கோட் போடலாமா என்றால், வெளியில் நிற்பதற்கு வேண்டாம் என்பேன். மேட் கிளியரில் பளபளப்பைக் குறைக்கும் சிலிக்கா அடியில் படியும். சரியாகக் கலக்காவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும், கைபடும் இடத்தில் நாளடைவில் மினுங்கும். எண்ணெய்வகை ஸ்பார் யூரிதேன் வார்னிஷ் மஞ்சளாகிறது. சிவப்பில் அது பொருந்தினாலும் வெள்ளையைக் கெடுக்கும். லின்சீட் எண்ணெய் தேய்த்தவை தூசியை வாரிக்கொண்டு, ஈரமான ஊர்களில் பூஞ்சை பிடித்துக் கறுத்தன. வசந்தத்தில் ஒருமுறை, பனிக்கு முன் ஒருமுறை பேஸ்ட் மெழுகு போட்டவைதான் மூன்று நான்கு கோடைக்குப் பிறகும் நிறம் மாறாமல் நிற்கின்றன. மெழுகில்லாத எனாமலின் உச்சிப்பரப்பு வெயிலில் மாவாகி விரலில் ஒட்டும். மங்கிய தோற்றத்துக்கு அது நல்லதே. மாவு அடியிலிருக்கும் பிரைமர் வரை போனால் மட்டும் மறுபடி ஒரு கோட் தேவை.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் முதலில் கெடுவது எப்போதும் அடிவிளிம்பு. கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, பனிக்காலத்துச் சாலை உப்பும் அதில் சேர்கிறது. அடித்தளத்தின் நான்கு மூலையிலும் 6 மி.மீ. ரப்பர் துண்டு வைத்துத் தூக்கி, அடித்தகட்டின் உள்மூலைகளில் கேவிட்டி மெழுகு (உள் இடுக்குகளில் துருவைத் தடுக்கும் மெழுகு) அடித்து, தண்ணீர் வடிய இடம் விடுங்கள். தரைமட்டத்தில் தகடு ஓட்டையாகிவிட்டிருந்தால் பட்டி போட்டு மூடுவது வீண். 1.2 மி.மீ. தகடு வெட்டி வெல்டிங் வைப்பது தவிர வழியில்லை, இந்த மலிவுக் கணக்கில் வெளியாளுக்குப் பணம் கொடுக்க நேரும் ஒரே இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.