ஆப்லெட்டுக்கு எது: 1.0 ஏடபிள்யூடியா, 1.1-ஆ, ஸ்விங்கா?

1990-களின் பிற்பாதியில் பட்டனும் பெட்டியும் வைத்து ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) எழுத உட்கார்ந்தவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது பார்ப்பவரின் பிரவுசர்தான்.

1996-இல் வந்த ஜாவா 1.0-இன் ஏடபிள்யூடி (பட்டன், பெட்டி முதலியவற்றைத் தரும் நூலகம்) எல்லா ஜாவா பிரவுசரிலும் ஓடியது. பட்டனை வரைவது அந்தந்த இயங்குதளம் என்பதால் விண்டோஸில் அளவாக நிற்கும் பட்டன் சோலாரிஸில் பருத்துவிடும். செட்பவுண்ட்ஸ் போல பிக்சல் கணக்கில் இடம் குறித்தவர்கள் இங்கேதான் மாட்டினார்கள். கட்டங்களாகப் பிரித்துத் தானே இடம் ஒதுக்கும் கிரிட்பேக்லேஅவுட்டுக்குப் போனால் வேறு தொல்லை: மிச்ச இடத்தில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் வெயிட்எக்ஸ், வெயிட்ஒய் இரண்டும் இயல்பில் 0. மறந்துவிட்டால் எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கும்.

அதைவிட எரிச்சல், அனிமேஷன் மினுக்குவது. மறுபடி வரையச் சொல்லி ரீபெயின்ட் கூப்பிட்டதும் அப்டேட் மெத்தட் முதலில் பின்னணி நிறத்தால் மொத்தத்தையும் அழிக்கிறது, பிறகே பெயின்ட் வருகிறது. கண்ணில் படுவது இந்த இடைவெளிதான். அப்டேட்டை ஓவர்ரைடு செய்து, அதாவது நம் வடிவத்தில் மாற்றி எழுதி, நேராக பெயின்ட்டைக் கூப்பிட வேண்டும். ஆப்லெட் தொடங்கும்போது ஓடும் இனிட்டில் கிரியேட்இமேஜ் வைத்து ஆப்லெட் அளவுக்கே ஒரு மறைபடம் எடுத்து, முழுவதையும் அதில் வரைந்து, கடைசியில் ஒரே டிராஇமேஜில் திரைக்கு ஒட்ட வேண்டும். இதில் பாதியை மட்டும் செய்தால் மினுக்கல் குறையும், போகாது.

1997-இல் வந்த ஜாவா 1.1-இன் பெரிய லாபம் லிசனர், அதாவது ஒரு பட்டனின் நிகழ்வைக் கவனிக்க அதனோடு இணைக்கும் பொருள். அதற்குமுன் ஆக்‌ஷன் மெத்தடுக்குள் எந்தப் பட்டன் என்று இஃப் மேல் இஃப் அடுக்க வேண்டும். ஃபால்ஸ் திருப்பினால் நிகழ்வு மேல் கன்டெய்னருக்கு ஏறிவிடும். கிளாஸ்களை ஒரே கட்டாகக் கட்டும் ஜார் கோப்பும் இதில்தான் வந்தது, கிளாஸுக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கை என்ற இழுவை ஒழிந்தது. ஆனால் நெட்ஸ்கேப் 4-இன் முதல் வெளியீடுகளில் 1.1 நிகழ்வு முறை முழுமையாக இல்லை. 4.06 வரும்வரை பலருக்குச் சாம்பல் கட்டம் மட்டுமே தெரிந்தது. பெயரில் டாலர் குறி உள்ள உள்கிளாஸ் (கிளாஸுக்குள் எழுதிய கிளாஸ்) கோப்புகளைச் சர்வரில் ஏற்ற மறந்தாலும் அதே கட்டம்தான்.

பிறகு வந்த நூலகமான ஸ்விங் பட்டனைத் தானே வரைவதால் தோற்றம் எங்கும் ஒன்றே. இரட்டை பஃபர், அதாவது மேலே சொன்ன மறைபட உத்தி, இயல்பிலேயே உண்டு. விலை, எடை. 1.1 பிரவுசருக்கு ஸ்விங் ஜாரையும் சேர்த்து அனுப்பினால் 2 எம்பிக்கு மேல், 28.8 மோடத்தில் சுமார் 10 நிமிடம். ஸ்விங் திரையில் ஏடபிள்யூடி பட்டனைக் கலந்தால் ஸ்விங் மெனு அந்தப் பட்டனின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. பிரவுசருக்குப் புதிய ஜாவாவைத் தரும் ஜாவா பிளக்-இன்னை நிறுவச் சொல்ல முடிந்தது, ஆனால் பக்கத்தின் ஆப்லெட் டேக்கை ஆப்ஜெக்ட், எம்பெட் என்று மாற்ற வேண்டியிருந்தது.

இன்றைய பிரவுசர்களில் ஆப்லெட் ஓடாது, ஆனால் அன்று பொதுத் தளத்துக்கு 1.0 போதுமாக இருந்தது: பட்டனைக்கூட கேன்வாஸில் (வெற்று வரைபரப்பில்) நாமே வரைந்துவிடுவது உத்தமம். எல்லாக் கணினிகளிலும் பிளக்-இன் போடும் அதிகாரம் கையில் இருக்கும் அலுவலக வலையில் ஸ்விங்கை எடுத்திருக்கலாம். 1.1-ஐ, வாசகர்களின் பிரவுசர் பதிப்பு உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டும்.