கேஸ் ஃபைல்கள்: பீரோவில் காகிதமா, ஸ்கேன் செய்து கிழிப்பதா?

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களில் பீரோ நிறைந்ததும் இந்தப் பேச்சு எழும். என் ஓட்டு காகிதத்துக்கு. ஆலோசனைக் குறிப்புகள், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி படிவம் 1இல் பதிந்த குடும்ப நிகழ்வு அறிக்கை, காயச் சான்றின் நகல் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இது. ஆண்டறிக்கை, துண்டறிக்கை, சுவரொட்டி எல்லாவற்றையும் தாராளமாக ஸ்கேன் செய்யுங்கள்.

இடம் மிச்சம், தேடுவது சுலபம். இரண்டிலும் ஸ்கேன்தான் ஜெயிக்கும். கறையானும் கடலோர ஈரமும் காகிதத்துக்கு எதிரிகள் என்பதும் தெரிந்ததே.

என்னைக் காகிதத்தின் பக்கம் தள்ளுவது ஒரே கேள்வி: இந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல்கள், எங்கெங்கே இருக்கின்றன? பூட்டிய பீரோவில் உள்ள ஃபைலுக்குப் பதில் உண்டு. ஸ்கேனுக்குச் சொல்வது கடினம். போனில் எடுத்தால் படம் கேலரிக்குப் போகும், பேக்கப் இயங்கினால் அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறும். அதே கணக்கு வீட்டில் வேறொருவர் கையிலும் திறந்திருக்கலாம். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கங்களும் கூடவே போகலாம். 'என் ஃபைலை அழித்துவிடுங்கள்' என்று ஒரு பெண் கேட்டால், காகிதத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் மெஷினில் போட்டால் முடிந்தது. பென்டிரைவில் டெலிட் அழுத்துவதால் தகவல் உண்மையில் அழிவதில்லை. அந்தப் பெண்ணின் புது முகவரி கணவர் கைக்குப் போக ஒரே ஒரு நகல் போதும்.

காகிதமும் கசியும். பழைய பேப்பர் கடைக்குப் போன ஃபைல் பஜ்ஜி மடிக்க வந்துவிடும்! அதனால் பெயர், முகவரி, போன் எண் ஒரு பதிவேட்டில். ஃபைலின் மேல் குறியீட்டு எண் மட்டும். இரண்டும் வெவ்வேறு பூட்டில், சாவி வெவ்வேறு ஆளிடம்.

பராமரிப்பில் முதல் வேலை, குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் பிடுங்குவது. துரு காகிதத்தைத் தின்னும். செலோடேப் வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. பீரோ சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிற்கட்டும். ஈசிஜி தாள், ஏடிஎம் சீட்டு போன்றவை சில வருஷங்களில் வெளுத்துவிடும்; கிடைத்த அன்றே சாதாரணத் தாளில் நகல் எடுங்கள்.

கோர்ட்டில் நிற்கும் வழக்கின் காகிதத்தைக் கிழிக்கவே கூடாது. 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) சான்றிதழ் கேட்கிறது. நிறுவனங்களே எழுதிய ஆலோசனைக் குறிப்புகளைக் கீழ் நீதிமன்றங்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறலாம். உங்கள் வழக்கறிஞரையே கேளுங்கள்.

வெள்ளம் வரும் பகுதி என்றால் கட்டாயம் ஸ்கேனும் வேண்டும். யுஎஸ்பி வயரில் இயங்கும் ஸ்கேனர், இணையம் இல்லாத கணினி, 300 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு), பிடிஎஃப்/ஏ (நீண்ட காலம் பாதுகாக்க ஏற்ற பிடிஎஃப்) வடிவம், வெராகிரிப்ட் (டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் மென்பொருள்) போட்ட இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வங்கி லாக்கரில். கடவுச்சொல்லை உறையிலிட்டு அறங்காவலர் இருவரிடம் கொடுத்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை மாற்றுங்கள்.