திரையில் நடராஜர்: கூகுளா, ஆம்ஸ்டர்டாமா, நியூயார்க்கா?

வீட்டில் உட்கார்ந்தபடியே அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று கூப்பிடும் தளங்கள் ஏராளம். எல்லாவற்றையும் அலச எனக்குப் பொறுமை இல்லை. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: கூகுள் ஆர்ட்ஸ் அண்டு கல்ச்சர், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் சொந்தத் தளம், நியூயார்க்கில் எல்லாரும் ‘மெட்’ என்று சொல்லும் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் தளம். மூன்றிலும் முதலில் தேடிய பெயர் நடராஜர். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தால், தெரியாதவற்றை எப்படிக் காட்டுவார்கள் என்பதும் விளங்கிவிடும் என்று ஒரு கணக்கு.

கூகுளில் கூட்டம் அதிகம். 2011 பிப்ரவரியில் 17 மியூசியங்களோடு தொடங்கியது, இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. தேடினால் பல நாட்டு நடராஜர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரிசை கட்டி வருகிறார்கள். கல்யாணப் பந்தி போலத்தான். இலை ஒன்று, ஆனால் எதில் எவ்வளவு விழும் என்பது பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. ஒரு மியூசியம் பெரிய படமும் விளக்கமும் கொடுத்திருக்கும், இன்னொன்று பெயரும் நூற்றாண்டும் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஆனால் இறக்கிக்கொள்ளப் பொத்தான் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

கூகுளின் தனிச் சரக்கு, கூடத்துக்குள் நடப்பது. தெருவைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போகலாம். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கிறது, கூரையைக்கூட அண்ணாந்து பார்க்கலாம். அப்புறம் ஒரு சிலைக்குக் கிட்டே போக ஆசை வரும், அங்கேதான் சறுக்கல். கிட்டே போகப் போகப் படம் கலங்குகிறது. காப்புரிமை தீராத ஓவியங்கள் இருக்கும் சுவர்களில் வெறும் மங்கல் சதுரங்கள். குழந்தைகளோடு பொழுது போக்க, எந்த ஊரில் என்ன இருக்கிறது என்று மேய, இதை மிஞ்ச ஆளில்லை. அதற்கு மேல் நான் இதைக் கேட்பதில்லை.

ரைக்ஸ்மியூசியம் வேறு சாதி. அங்கே இருக்கும் நடராஜர் 153 சென்டிமீட்டர் உயரம், சுமார் 300 கிலோ எடை. தமிழ்நாட்டில் 12ஆம் நூற்றாண்டையொட்டி வார்த்தது. ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய வெண்கலம் என்றால் உள்ளே பொள்ளலாகத்தான் வார்ப்பார்கள். இது அப்படியா என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே எடுக்க நினைத்தார்கள். சாதாரணக் கருவி ஊடுருவாது என்பதால், ராட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கத் துறையினர் கன்டெய்னர்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் சிலையை லாரியோடு சேர்த்தே ஓட்டிப் போனார்கள். சுற்றியுள்ள திருவாசி உட்பட முழுக்கக் கனவார்ப்பு, அதாவது உள்ளே பொள்ளலே இல்லை என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதிகளைக் கேட்டிருந்தால் ஒரு வாய்த் தாம்பூலத்தில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் லாரியில் போன நடராஜரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகிறது. இந்த மாதிரிச் சேதி மியூசியத்தின் சொந்த வாயிலிருந்துதான் வரும், பந்தியில் வராது.

அதைவிட, இந்தத் தளத்தின் உண்மையான பலம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தில் தெரிகிறது. கூகுள் தொடங்கிய நாளில் ஒவ்வொரு மியூசியமும் ஓர் ஓவியத்தை மிக நுணுக்கமாகப் படமெடுக்கக் கொடுத்தது. ரைக்ஸ்மியூசியம் கொடுத்தது இதைத்தான், சுமார் 700 கோடி பிக்சல். 2022இல் மியூசியமே தன் ஆய்வுக்காக 8,439 படங்களை எடுத்துத் தைத்து வெளியிட்டது 71,700 கோடி பிக்சல். ஏறக்குறைய நூறு மடங்கு.

எண்ணை விடுங்கள், மஞ்சள் உடையில் நிற்கும் துணைத் தளபதியின் சட்டைக்குப் போங்கள். தூரத்தில் பொன் சரிகை. பக்கத்தில் நிற்கும் தளபதி நீட்டிய கையின் நிழல் அதன் மேல் விழுகிறது. பெரிதாக்கினால் சரிகைக்குள் ஒரு சிங்கம் தெரிகிறது. இன்னும் பெரிதாக்கினால் சிங்கம் போய், கெட்டியாக அப்பிய வண்ணக் குழம்பும், வறண்ட ஏரிப் படுகை போல அதில் ஓடும் வெடிப்பும்தான் மிச்சம். நேரில் போனால்கூடத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று இதைப் பார்க்க முடியாது.

சரி, மெட். நுணுக்கத்தில் இது ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த படிதான். இங்குள்ள நடராஜர் 11ஆம் நூற்றாண்டு, 68.3 சென்டிமீட்டர், 1987இல் நன்கொடையாக வந்தவர். ஆனால் கொடுப்பதில் தாராளம். 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விட்டார்கள். பெரிய கோப்பாக இறக்கலாம், அச்சடிக்கலாம், பத்திரிகை அட்டையில் போடலாம், டி-ஷர்ட்டில் போட்டு விற்கக்கூடச் செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பிரிட்டிஷ் மியூசியமும் லூவ்ரும் லட்சக்கணக்கான படங்களை வலையில் வைத்திருந்தாலும், காசு பார்க்கும் வேலைக்கு இலவசம் கிடையாது. சின்னப் பதிப்பகம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

மெட்டில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பக்கத்தின் அடியில் சுருட்டி வைத்திருக்கும் ‘ப்ராவெனன்ஸ்’ வரிகள், அதாவது பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற பட்டியல். திறந்து பாருங்கள். பல தமிழ்த் திருமேனிகளுக்கு அந்தப் பட்டியல் ஒரு வணிகரின் பெயரோடுதான் தொடங்கும். அதற்கு முன் எந்த ஊர், எந்தக் கோயில் என்ற வரி இருக்காது. ரைக்ஸ்மியூசிய நடராஜருக்கும் அதே கதைதான், 1935இல் பாரிஸில் ஒரு வணிகரிடம் வாங்கியது. அழகாக எடுத்த படத்தின் கீழே அந்த வெற்றிடம் உறுத்துகிறது.

அதனால் என் வரிசை இது. மேய்வதற்குக் கூகுள், கண்ணை ஊன்றிப் பார்க்க ஆம்ஸ்டர்டாம், எடுத்துப் பயன்படுத்த மெட். ஒன்றை மட்டும் சொல் என்றால் ஆம்ஸ்டர்டாம். ஆனால் தமிழ்ச் சிலைகளைத் தேடிப் போகிறவர்கள் நான்காவதாக ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த, ஒரு லட்சத்தைத் தாண்டும் படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பெரிதாக்கி ரசிக்க உகந்தவை அல்ல, வெளிச்சம்கூடச் சில இடங்களில் சுமார்தான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை கோயிலில் இருந்தபோது பாண்டிச்சேரி நிறுவனம் எடுத்திருந்த படத்தையும், கலைக்கூடத்தில் நிற்கும் சிலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். திருவாசியிலிருந்து முயலகன் வரை பொருந்தியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.